எக்ஸ்போர்ட் உயிரும் லோக்கல் உயிரும்

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது நல்ல தலைப்புகள் எல்லாம் போய்விட்டன. 'நட்பு' மெக்கானிக்கல்காரர்களுக்கு. 'தாயின் பெருமை' டெக்ஸ்டைல் பிரிவுத் தோழிக்கு. 'நாளைய இந்தியா' வழக்கம்போல கம்ப்யூட்டர் பிரிவுக்கு. கடைசி பெஞ்சுக்கு மிஞ்சியது எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றுதான்: கார். அதுவும் சொந்தக் கார் இல்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டுமே!

என் அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். அம்மா செக்கிங். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். ஆகவே எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லப்போகும் விஷயத்தைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

உடைந்த ஊசி

எட்டாவது படிக்கும்போது சனிக்கிழமைகளில் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போவேன். ஒரே கூரை. முன்பக்கம் எக்ஸ்போர்ட் லாட் ஓடும். பின்பக்கம் லோக்கல் லாட் ஓடும். ஒருநாள் முன் லைனில் ஒரு மெஷினில் ஊசி உடைந்தது. உடனே மெஷினை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் காந்தத்தோடு ஓடி வந்தார். டேபிள், தரை, துணி மடிப்பு என்று தேடி, உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்த்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்தும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் புது ஊசி தந்தார். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தப் பண்டலையே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டுமாம்.

கொஞ்ச நேரத்தில் பின் லைனிலும் ஊசி உடைந்தது. அந்த டைலர் அண்ணன் பாக்கெட்டிலிருந்து வேறு ஊசி எடுத்து மாட்டினார், தைத்துக்கொண்டே போனார். அவ்வளவுதான்.

"ஏம்மா, அங்க மட்டும் அப்படித் தேடுனாங்க?" என்று கேட்டேன்.

"அது எக்ஸ்போர்ட்டு கண்ணு. இது லோக்கலு."

"லோக்கல்ல போடற குழந்தைக்கு ஊசி குத்தாதாம்மா?"

அம்மா சிரித்துவிட்டு, "போ சாமி, போய்ப் படி" என்றார். படிக்கத்தான் வந்தேன். படிக்க வந்த இடத்தில் அதே கேள்வி கார் உருவத்தில் மறுபடியும் எதிரே வந்து நின்றது.

மாமாவின் ஸ்டீயரிங்

என் தாய்மாமா எட்டு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர். பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு பழைய காரை வாங்கினார். 2014 மாடல், அடிப்படை வேரியண்ட். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். வாங்கிய அன்று வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து அவிநாசி கோயிலுக்குக் கூட்டிப்போனார். எங்கள் சொந்தத்தில் முதல் கார் அது.

நான் இரண்டாமாண்டு படிக்கும்போது தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், ஈரோட்டிலிருந்து இரவில் திரும்பும்போது, செங்கப்பள்ளி பக்கம் இண்டிகேட்டர் போடாமல் நின்ற லாரியின் பின்னால் வண்டி மோதிவிட்டது. மாமா வேகமாகப் போகிறவர் இல்லை. சீட் பெல்ட்டும் போட்டிருந்தார். அப்படியும் முகமும் நெஞ்சும் ஸ்டீயரிங்கில் அடித்து, கன்ன எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. உயிர் தப்பியது எங்கள் குலதெய்வப் புண்ணியம் என்று பாட்டி சொல்கிறார். மூன்று மாதம் யூனிட் மூடிக் கிடந்தது. எட்டு மெஷினும் துணி போர்த்தி நின்றன. டைலர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் பலகாரம் இல்லை.

ஒர்க்ஷாப்பில் நின்ற வண்டியிலிருந்து ஆர்.சி. புக்கையும் டேஷ்போர்டு பிள்ளையாரையும் எடுத்து வர நான்தான் போனேன். வளைந்திருந்த ஸ்டீயரிங் நடுவில் ஹார்ன் மூடி லூஸாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே குழி. வெறும் குழி! எங்கள் லேபில் இருக்கும் ஸ்டீயரிங்கில் அந்த இடத்தில்தான் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். மோதிய அடுத்த கணம், கண் இமைப்பதற்குள், வாயு நிரம்பி விரிந்து முகத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே தலையணை போட்டுவிடும்.

மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்டார்: "ஏன் மாப்ள, இந்த வண்டிக்கு காத்துப்பையே கிடையாதா?"

"இருக்குதுங்க மாமா. ரேட்டு கூடுன வேரியண்ட்ல இருக்குது. வெளிநாட்டுக்குப் போன வண்டில எல்லாத்துலயும் இருக்குது."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாம லோக்கல் லாட்டுங்கற" என்றார்.

அந்த வார்த்தைதான் நண்பர்களே, இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எது நியாயமான மாற்றம்?

ஒரே பெயரில் விற்கும் கார் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் துறை ஆசிரியர்களே சிரிப்பார்கள். நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம், அமெரிக்காவில் இடப்பக்கம். இங்கே ஹெட்லைட்டின் டிம் வெளிச்சம் இடது ஓரம் சாய வேண்டும், அங்கே வலது ஓரம். பனி நாட்டில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள், அதனால் துருப்பிடிக்காதபடி அடிப்பாகத்துக்குக் கூடுதல் பூச்சு வேண்டும். அங்கே ஹீட்டர் முக்கியம், இங்கே சித்திரை வெயிலில் ஏ.சி. முக்கியம். நம் ஊர் வேகத்தடைக்கு வண்டி கொஞ்சம் உயரமாக இருந்தால்தான் அடி தட்டாது.

பைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே விற்கும் பைக்கில் பின்சக்கரத்தை ஒட்டி சேலை சிக்காமல் இருக்க ஒரு கம்பி வலை இருக்கிறதே, அது மோட்டார் வாகன விதி. அதே பைக் ஐரோப்பாவுக்குப் போனால் அந்த வலை கிடையாது. அங்கே சேலை கட்டிப் பின்னால் உட்காருபவர் குறைவு. இது நியாயமான மாற்றம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர் நாட்டு ஆர்டருக்கு ஜி.எஸ்.எம். கூட்டுகிறோம், நம் ஊருக்கு மெல்லிய துணி. அங்கே எல் சைஸ் என்பது இங்கே டபுள் எக்ஸ்எல். இதெல்லாம் ஊருக்கு ஏற்ற மாற்றம். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் மோதினால் மண்டை உடைவது எந்த ஊரிலும் ஒன்றுதான்! சென்னைக்காரன் விலா எலும்புக்கும் ஜெர்மனிக்காரன் விலா எலும்புக்கும் உறுதியில் வித்தியாசம் உண்டா? அங்கே செய்கிற மாற்றம் ஊருக்கு ஏற்ற மாற்றம் அல்ல. ஆளுக்கு ஏற்ற மாற்றம். என் வாதம் இந்த ஒரு கோட்டில்தான் நிற்கிறது.

ஐந்து கார், ஐந்து பூஜ்யம்

2014 ஜனவரியில் லண்டனைச் சேர்ந்த குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்த முடிவை வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஐந்தும் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம்!

இதில் ஐ10 நம் தமிழ்நாட்டுப் பிள்ளை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்து, அங்கிருந்தே ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. ஐரோப்பாவில் யூரோ என்கேப் 2008-ல் சோதித்த ஐ10 பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. இரண்டு அமைப்புகளின் மதிப்பெண் முறையும் அச்சு அசலாக ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்பக்க மோதலின் வேகம் இரண்டிலும் 64 தான். பெயரும் ஒன்றுதான். அங்கே நான்கு, இங்கே பூஜ்யம்.

போலோ கதை இன்னும் சுவையானது. அதன் உடற்கூடு மோதலைத் தாங்கி உறுதியாகவே நின்றது. இல்லாதது ஏர்பேக் மட்டும்தான். இரண்டு ஏர்பேக் வைத்த போலோவை அதே அமைப்பு சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. உடனே அந்த நிறுவனம் ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதை நிறுத்திக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் சோதனை நடக்காமல் இருந்திருந்தால்?

ஆல்டோ, நானோ, ஐ10 ஆகியவற்றில் உடற்கூடே போதிய அளவு தாங்கவில்லை. வெறுமனே ஏர்பேக்கைச் செருகினால் மட்டும் போதாது என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். இதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஏர்பேக் என்பது கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பு. தகட்டின் தடிமன், இரும்பின் தரம், ஸ்பாட் வெல்டிங் எத்தனை புள்ளி என்பதெல்லாம் பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கும் பாதுகாப்பு. பனியனைப் பிடித்துப் பார்த்து ஜி.எஸ்.எம். சொல்லும் நம் ஊர் மாஸ்டராலும் காரைத் தட்டிப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

ஒரு க்விட், இரண்டு எடை

இதைவிடத் தெளிவான உதாரணம் ரெனால்ட் க்விட். 2015-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பிறந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடம். 2016 மே மாதம் குளோபல் என்கேப் அதன் மூன்று வகைகளைச் சோதித்தது. மூன்றுக்கும் பூஜ்யம். அதே ஆண்டு செப்டம்பரில் திருத்திய வண்டிக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 2017-ல், அதே க்விட் பிரேசில் நாட்டிலேயே தயாராகி அங்கே விற்பனைக்கு வந்தது. அங்கே அடிப்படை மாடலிலிருந்தே நான்கு ஏர்பேக். உடற்கூட்டை வலுப்படுத்தியிருந்தார்கள். நம் வண்டியைவிட சுமார் நூறு கிலோ எடை அதிகம். லத்தீன் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரம்.

பெயர் ஒன்று, முகம் ஒன்று. ஏன் இந்த வித்தியாசம்? பிரேசில்காரர் நம்மைவிடப் பெரிய பணக்காரர் என்பதாலா? அது மட்டும் காரணமல்ல. பிரேசில் நாட்டுச் சட்டம் 2014 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. பிரேசில் சட்டம் கேட்டது, பிரேசிலுக்குக் கிடைத்தது.

நமக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் நிஸ்ஸான் சுரு என்றொரு கார். 1990-களின் தொடக்கத்து வடிவமைப்பு. அதே மெக்சிகோவில் அமெரிக்காவுக்காக வெர்சா என்ற கார் தயாரானது. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் இந்த இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டுக் காட்டினார்கள். எங்கள் வகுப்பில் ஆசிரியர் அந்த வீடியோவைப் போட்டார். வெர்சாவில் இருந்த பொம்மை மனிதன் ஏர்பேக்கில் சாய்ந்து பிழைத்தான். சுருவில் இருந்தவனை நசுங்கிய தகட்டுக்குள் தேட வேண்டியிருந்தது. ஒரே கம்பெனி, ஒரே நாட்டுத் தயாரிப்பு. ஒன்று அடுத்த வீட்டுக்கு, ஒன்று சொந்த வீட்டுக்கு! வகுப்பில் ஒரு சத்தமில்லை. 2017-ல் சுரு தயாரிப்பு நின்றது.

ஸ்பெக் ஷீட்டை எழுதுவது யார்?

தயாரிக்கிறவனுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை இயங்கிய காலத்தில், அங்கே தயாரான எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது. அந்த நாட்டின் கடுமையான விதிகளுக்கு ஏற்ற காரை நம் ஐ.டி.ஐ., டிப்ளமோ அண்ணன்கள்தான் கோர்த்து அனுப்பினார்கள். கை நம் கை, இரும்பும் ஒன்றுதான். பிறகு என்ன வித்தியாசம்?

திருப்பூரில் பிறந்தவனுக்குப் பதில் தெரியும். ஸ்பெக் ஷீட்டை எழுதுவது கம்பெனி அல்ல, பையர்! குழந்தை உடையில் கழுத்துப் பக்கம் நாடா தொங்கக் கூடாது, எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்று ஐரோப்பியத் தர விதி சொல்கிறது. அதனால் நாடா வைப்பதில்லை. உடைந்த ஊசியைத் தேடச் சொல்கிறான் பையர், தேடுகிறோம். லோக்கலில் யாரும் கேட்பதில்லை, தேடுவதில்லை.

காருக்கு அந்தப் பையர் அந்தந்த நாட்டுச் சட்டம். அமெரிக்காவில் 1998 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். அதே 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்தது. நம் நாட்டில் மோதல் சோதனை விதி புது மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரிலும் வந்தது. டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2021 முடியும்போது. கணக்குப் போட்டால் 20 வருஷத்துக்கும் மேல் பின்தங்கல். என் மாமாவின் 2014 மாடல் அந்த இடைவெளியில் பிறந்த வண்டி.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் நாட்டுக் கட்டாயச் சோதனையில் முன்பக்க மோதல் வேகம் 56 கிலோமீட்டர். நட்சத்திரம் தரும் சோதனையில் 64. எட்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். முதலாமாண்டு இயற்பியலை நினைத்துப் பாருங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 56-ன் வர்க்கம் 3136. 64-ன் வர்க்கம் 4096. சுமார் 30 சதவீதம் கூடுதல் ஆற்றல்! செமஸ்டரில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துபோன சூத்திரம், செங்கப்பள்ளியில் விலா எலும்பாக வந்து நிற்கிறது.

"விலை ஏறுமே?"

இதைச் சொன்னால் நண்பர்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள்.

முதல் கேள்வி: "பாதுகாப்பு கூடினால் விலை ஏறும். ஏழை எப்படிக் கார் வாங்குவான்? பைக்கில் நாலு பேர் போவதற்கு ஏர்பேக் இல்லாத கார் தேவலாமே?" நியாயமான கேள்விதான். டாடா நானோ 2008-ல் அறிமுகமானபோது சொன்ன காரணமும் அதுதான். மழையில் நனைந்துகொண்டு ஒரே வண்டியில் நாலு பேர் போகும் குடும்பம் என் குடும்பமும்தான். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்கிறேன் என்பவர், எது குறைகிறது என்று அதனிடம் சொல்ல வேண்டாமா? செகண்ட்ஸ் பனியனை செகண்ட்ஸ் என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். சொல்லாமல் விற்றால் அதற்குப் பெயர் வேறு. மாமாவுக்கு விற்றவர் மைலேஜ் சொன்னார், டேப் ரிக்கார்டர் சொன்னார், சீட் கவர் சொன்னார். குழியைப் பற்றிச் சொல்லவே இல்லை.

விதி வந்தபின் என்ன ஆனது என்றும் பாருங்கள். கார் விற்பனை படுத்துவிட்டதா? 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2024 நவம்பரில் மாருதி டிசையரும் ஐந்து வாங்கியது. 2025 மே மாதம் மாருதி, ஆல்டோ கே10 உட்படச் சிறிய கார்களிலும் ஆறு ஏர்பேக் எல்லா வேரியண்ட்டுக்கும் தருவதாக அறிவித்தது. 2014-ல் பூஜ்யம் வாங்கிய அதே ஆல்டோ குடும்பம்! முடியாது என்றது எல்லாம் முடிந்திருக்கிறது.

'முடியாது' என்ற இந்தப் பாட்டு நம் ஊருக்குப் பழக்கமானது. கெடுதலான அசோ சாயங்கள் கூடாது என்று ஜெர்மனி சொன்னபோது தொழிலே போச்சு என்றார்கள். 1997-ல் இந்திய அரசும் அவற்றைத் தடை செய்தது. தொழில் போகவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே அழுதது. கஷ்டம் உண்மைதான், எங்கள் அப்பாவும் அந்த நாட்களில் வேலையில்லாமல் இருந்ததாகச் சொல்வார். ஆனால் கழிவு நீரை வெளியே விடாத முறையைக் கொண்டு வந்து பட்டறைகள் மறுபடி ஓடின. வெள்ளைக்காரன் உடம்பில் படக்கூடாத சாயத்தை நொய்யலில் கலக்கவிட்டவர்கள் நாம். ஆகவே கார் கம்பெனியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நழுவ முடியாது. எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு மனசாட்சி, லோக்கலுக்கு ஒரு மனசாட்சி வைப்பது எங்கே நடந்தாலும் தப்புதான்.

இரண்டாவது கேள்வி: "ரோடும் டிரைவரும் சரியில்லாமல் காரைக் குறை சொல்லி என்ன பயன்?" உண்மை. மாமா மோதியது லைட் போடாத லாரியில்தான். ஆனால் ரோடு மோசமான ஊருக்குத்தானே உறுதியான கார் முதலில் வேண்டும்? மழை பெய்யும் ஊருக்கு ஓட்டைக் குடை விற்பதா?

மூன்றாவது கேள்வி: "கார்க்காரன் கவலை நமக்கெதுக்கு மாப்ள? நாம பஸ்ல போறவங்க." 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் என்பதும் உண்மை. அதற்காக ஹெல்மெட் போடுவோம், அது தனிக் கட்டுரை. ஆனால் பழைய கார் யாரிடம் வந்து சேர்கிறது? பணக்காரன் ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்வான். அடுத்த பதினைந்து வருஷம் அந்தக் கார் நம்மிடம்தான் இருக்கும். கால் டாக்ஸி, கல்யாணத்துக்கு வாடகை வண்டி, மாமாவின் செகண்ட் ஹேண்ட். 2014-ல் வைக்காத ஏர்பேக்கின் விலையை இன்றைக்குக் கொடுப்பவர்கள் நாம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

நாம் மந்திரி இல்லை, கம்பெனி முதலாளி இல்லை. ஆனால் டிப்ளமோ முடித்ததும் நம்மில் பாதிப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று பஸ் ஏறப்போகிறவர்கள். சிலர் சர்வீஸ் சென்டரில் நிற்கப்போகிறோம், சிலர் ஷோரூமில். மூன்றே மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, நம் வீட்டில் யார் கார் வாங்கினாலும், புதிதோ பழசோ, வருஷத்தையும் வேரியண்டையும் பார்த்து எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பேப்பரில் எழுதிக் கொடுப்போம். எத்தனை ஏர்பேக்? ஏ.பி.எஸ். உண்டா? பின் இருக்கை நடுவில் உட்காருபவருக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா? நட்சத்திரம் வாங்கியது எந்த நாட்டு மாடல்? 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே பாரத் என்கேப் நடைமுறையில் இருக்கிறது. அது கட்டாயம் இல்லை, கம்பெனி விரும்பினால்தான் சோதனை. சோதிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.

இரண்டு, இருக்கும் பெல்ட்டைப் போடுவோம், பின்னால் உட்கார்ந்தாலும். பெல்ட் இல்லாமல் ஏர்பேக் மட்டும் காப்பாற்றாது.

மூன்று, நாளைக்கு ஒரு லைனில் நாம் நிற்கும்போது, "இது லோக்கல்தான், விடுப்பா" என்று யாராவது சொன்னால், அந்த உடைந்த ஊசியை நினைத்துக்கொள்வோம்.

நமக்கு மேலே இருப்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022-ல் வரைவு விதி வந்தது. 2023 அக்டோபர் என்று தள்ளிப்போனது. பிறகு கட்டாயம் வேண்டாம், போட்டியே கம்பெனிகளைக் கொண்டு வந்துவிடும் என்றார்கள். சிலரைக் கொண்டு வந்திருக்கிறது. ஆனால் பையர் கேட்பதை எழுதித்தான் கேட்பான், வாய்வார்த்தையில் விடமாட்டான். சட்டமும் அப்படி எழுதிக் கேட்க வேண்டும்.

கடைசியாக

மாமா இப்போது தேறிவிட்டார். எட்டு மெஷினும் ஓடுகின்றன. போன மாதம் கார் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். "நீ படிச்சவன் மாப்ள, நீ பாத்துச் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் என்னை ஒருவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு படபடத்தது.

ஷோரூம் அண்ணன் டச் ஸ்கிரீனைக் காட்டினார். அலாய் வீல் காட்டினார். நான் புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தேன். படத்தில் உள்ள வசதிகள் எல்லா மாடலிலும் இருக்காது என்று போட்டிருந்தது. பிறகு என் பேப்பரை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டுக்குப் பதில் சொன்னார். மூன்றாவதுக்கு மேனேஜரைக் கூப்பிட்டார். நாலாவதுக்கு மேனேஜர் யாருக்கோ போன் போட்டார்.

டீ கொடுத்துக்கொண்டே அந்த அண்ணன் சொன்னார்: "தம்பி, நான் இங்க நாலு வருசமா இருக்கேன். எல்லாரும் மைலேஜ்தான் கேப்பாங்க. இதைக் கேட்டது நீங்கதான்."

நண்பர்களே, அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சந்தோஷமாக இல்லை. நாலு வருஷத்தில் ஒருவன்தானா?

கேட்பவனுக்குத்தான் எக்ஸ்போர்ட் தரம். கேட்காதவனுக்கு லோக்கல் தரம். ஆகவே கேட்போம்! எல்லோரும் கேட்போம்!